யமஹா சி40: ஃபிளமெங்கோ பாட்டுக்குப் பக்கவாத்தியம் வாசிக்க இது போதுமா?

போதும். ஆனால் கடையிலிருந்து வரும் கோலத்திலேயே போதாது. தந்திகள் ஏறி நிற்கும் சேடிலை இழைத்து இறக்க வேண்டும், மேல்பலகையில் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்ட வேண்டும், கழுத்தில் எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்திச் சுருதியை ஏற்றும் கேப்போவில் தட்டையானது ஒன்று வாங்க வேண்டும். இந்த மூன்றையும் செய்துவிட்டால், ராயபுரத்திலோ பெரம்பூரிலோ உட்கார்ந்து ஸ்பெயின் நாட்டுப் பழைய பாட்டுப் பதிவுகளோடு கூடவே வாசித்துப் பழக, முதல் இரண்டு வருடம் இந்தக் கிட்டார் தாங்கும். செய்யாவிட்டால் மூன்றாம் மாதமே “கை வலிக்குது, சத்தம் வரல” என்று பீரோ மேல் ஏறிவிடும்.

முதலில், எதற்காக இதை எடை போடுகிறோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஸ்பெயின் நாட்டு இசையான ஃபிளமெங்கோ என்றாலே நம் ஊரில் மின்னல் வேகத் தனிக் கிட்டார்தான் நினைவுக்கு வரும். அந்தக் கலையின் அடிமரம் பாட்டு. ஸ்பானிஷ் மொழியில் காந்தே என்பார்கள். கிட்டார் அதற்குப் பக்கவாத்தியமாக வளர்ந்தது. தனிக் கிட்டாருக்குப் பெரிய வழி திறந்த ரமோன் மொந்தோயாவே அந்தோனியோ சாகோன் போன்ற பாடகர்களின் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துத் தேர்ந்தவர்தான். மார்த்தினேத்தே போன்ற சில பாட்டுகளுக்குக் கிட்டாரே கிடையாது, வெறும் குரல். ஆகவே இங்கே கேள்வி, இந்தக் கிட்டாரில் எவ்வளவு வேகமாக ஓடலாம் என்பது அல்ல. கட்டைவிரல் அடி தெளிவாக விழுகிறதா, விரல்களை விசிறி அடிக்கும் ரஸ்கேயாதோ குரலை மூழ்கடிக்காமல் சட்டென்று அடங்குகிறதா, பாடகரின் சுருதிக்குக் கேப்போ போட்டால் கிட்டார் சுருதியில் நிற்கிறதா என்பவைதான்.

கிட்டாரின் அளவுகள்: தந்தி நீளம் 650 மி.மீ., நட்டில் (கழுத்தின் தலைப்பக்கம் தந்திகள் படியும் பட்டை) கழுத்தின் அகலம் 52 மி.மீ., உடலின் ஆழம் 94 முதல் 100 மி.மீ. இவை முழு அளவுக் கிளாசிக்கல் கிட்டாரின் அளவுகள். ஃபிளமெங்கோ கிட்டாரும் இதே நீளம், ஏறத்தாழ இதே அகலம்தான். மேல்பலகை ஸ்ப்ரூஸ் முகம் வைத்த ஒட்டுப்பலகை. மேலே தடித்த பளபளப்புப் பூச்சு.

நிஜமான வித்தியாசம் தந்தியின் உயரத்தில் இருக்கிறது. ஃபிளமெங்கோ கிட்டாரில் 12-வது ஃபிரெட்டின் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) மேல், தடித்த 6-வது தந்தி 3 மி.மீ. அளவிலும், முதல் தந்தி 2.5 முதல் 2.8 மி.மீ. வரையிலும் நிற்கும். பிரிட்ஜ் பக்கத்தில் தந்திக்கும் பலகைக்கும் இடைவெளி 7, 8 மி.மீ.தான். சி40 கிளாசிக்கல் வாசிப்பை நினைத்துச் செய்தது. 12-வது ஃபிரெட்டில் 4 மி.மீ.யை ஒட்டியும், பிரிட்ஜ் பக்கம் 10 மி.மீ.க்கு மேலும் இருக்கும். இந்த உயரத்தில் இரண்டு தொந்தரவு. இடது கை, ஒரே விரலால் பல தந்திகளைச் சேர்த்து அழுத்தும் பார் கார்டு பிடித்துப் பிடித்துச் சோர்ந்துவிடும். வலது கையில், தந்தியை அடித்துக்கொண்டே மோதிரவிரலால் பலகையைத் தட்டும் கோல்பேக்கு விரல் எட்டாது; எட்டவைக்க மணிக்கட்டைக் கீழே தள்ளினால் தந்தி அடி கெட்டுவிடும்.

இதற்கு மருந்து சேடில். பிரிட்ஜில் தந்திகள் ஏறி நிற்கும் அந்த வெள்ளைப் பட்டைதான் அது. கணக்கு எளிது: 12-வது ஃபிரெட்டில் 1 மி.மீ. குறைய வேண்டுமானால் சேடிலில் 2 மி.மீ. எடுக்க வேண்டும். உதாரணமாக 6-வது தந்தி 4.0, முதல் தந்தி 3.5 இருந்து, அதை 3.2, 2.8 ஆக்க வேண்டுமென்றால், பேஸ் பக்கம் 1.6 மி.மீ., மறு பக்கம் 1.4 மி.மீ. எடுக்க வேண்டும். அளப்பதற்கு 15 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல் போதும்; ஃபிரெட்டின் தலைக்கும் தந்தியின் அடிப்பாகத்துக்கும் நடுவே அளக்க வேண்டும், பலகையிலிருந்து அல்ல.

ஆறு தந்திகளையும் தளர்த்தி, சேடிலைப் பக்கவாட்டில் நகர்த்தி வெளியே எடுங்கள். கூர்மையான பென்சிலால் அடியில் கோடு போடுங்கள். கண்ணாடித் துண்டு ஒன்றின் மேல் 120 நம்பர் உப்புத்தாளை விரித்து, சேடிலின் அடிப்பக்கத்தை மட்டும் நேராகத் தேய்க்க வேண்டும்; மேல்முனையைத் தொடவே கூடாது. கடைசியில் 240 நம்பர். ஒரே மூச்சில் முழு அளவையும் எடுக்காதீர்கள். 1 மி.மீ. எடுத்து, மாட்டி, சுருதி கூட்டி, ஒரு நாள் விட்டுப் பார்த்து, பிறகு மிச்சம். பிரிட்ஜுக்கு மேலே சேடில் குறைந்தது 2 மி.மீ.யாவது தலை நீட்டி நிற்க வேண்டும். அதற்குக் கீழே போனால் தந்தியின் அழுத்தம் குறைந்து ஒலி சப்பென்று ஆகும். அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, கையில் பிடித்துத் தேய்ப்பது. அடி உருண்டுவிடும்; பிரிட்ஜ் பள்ளத்தில் ஆடும்; ஒரு தந்தி கணீரென்றும் பக்கத்துத் தந்தி மந்தமாகவும் கேட்கும். ஸ்கேலை அடியில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் நடுவில் ஒளி தெரியும். தெரிந்தால் மறுபடி கண்ணாடி மேல். கெட்டுப்போனால் பெரிய நஷ்டமில்லை, இன்னொரு சேடில் வாங்கிக்கொள்ளலாம். பலமாக அடித்தால் லேசான கரகரப்பு வருகிறது என்றால் பயப்பட வேண்டாம். இந்த இசையில் அது குற்றமல்ல, பாதி அழகே அதுதான். மெதுவாக வாசிக்கும்போதே கரகரத்தால் அதிகமாக இறக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

அடுத்தது பலகையைக் காக்கும் தாள். ஸ்பெயினில் கோல்பெயதோர் என்று தனியாக விற்கிறார்கள். பாரிமுனைப் பக்கத்து பிளாஸ்டிக் ஷீட் கடைகளில் பின்னால் பசை வைத்த ஒளி ஊடுருவும் ஷீட் கேட்டுப் பாருங்கள், 0.2 முதல் 0.3 மி.மீ. தடிமன் சரி. அதைவிடத் தடித்தால் பலகையின் அதிர்வை அமுக்கிவிடும். நோட்டுப் புத்தக அட்டைக்குப் போடும் மெல்லிய தாள் நகம் பட்டுக் கிழியும். ஒலித்துளையின் வளைவுக்குக் காகிதத்தில் மாதிரி வெட்டிக்கொண்டு, பலகையில் சோப்புத் தண்ணீரை லேசாகத் தெளித்து ஒட்டினால் குமிழ் விழாமல் நகர்த்திச் சரிசெய்யலாம். பிரிட்ஜின் மேல் ஏறக் கூடாது. சி40-இன் தடித்த பூச்சு ஒலிக்குப் பாரம் என்றாலும், பின்னாளில் தாளை உரிக்கும்போது பலகைக்கு எதுவும் ஆகாது. விலை உயர்ந்த கிட்டார்களின் மெல்லிய பூச்சில் இந்தத் தைரியம் வராது.

இப்போது கேப்போ. ஸ்பானிஷில் செஹியா. இதில் கஞ்சத்தனம் காட்டினால் மற்ற எல்லாச் செலவும் வீண். கடைகளில் முதலில் எடுத்துத் தருவது ஸ்டீல் கம்பி கிட்டாருக்கான வளைந்த கேப்போ. கிளாசிக்கல் கழுத்தோ தட்டை. வளைந்ததைப் போட்டால் ஓரத் தந்திகள் அழுத்தமாகவும் நடுத் தந்திகள் ஊமையாகவும் நிற்கும், 52 மி.மீ. அகலத்துக்கு அது எட்டுவதும் கஷ்டம். “கிளாசிக்கலுக்கு, தட்டையானது” என்று கேட்டு வாங்குங்கள். ஸ்பானிஷ்காரர்கள் போடுவது மரத்துண்டில் ஒரு முளை திருகி இறுக்குவது. எடை குறைவு, அழுத்தத்தைத் தேவையான அளவுக்கு வைக்கலாம். ஸ்பிரிங் வைத்தது வேகமாக மாற்ற வசதி, ஆனால் அழுத்தம் அதிகம். பேஸ் தந்திகளைச் சுருதிக்கு மேலே இழுத்துவிடும். ஃபிரெட்டுக்கு ஒட்டினாற்போல் பின்னால் வையுங்கள், வைத்தபின் மறுபடி சுருதி சேருங்கள்.

பாட்டுக்காரரும் கிட்டார்காரரும் பேசிக்கொள்ளும் மொழியே கேப்போதான். “நாலில், போர் மேதியோ” என்பார் பாடகர். கிட்டாரில் இரண்டு வீடு உண்டு. இ-யை நிலையாக வைத்து இ, எஃப், ஜி, ஏ மைனர் சுற்றி வருவது போர் அர்ரிபா, அதாவது மேலே. ஏ-யை நிலையாக வைத்து ஏ, பி ஃப்ளாட், சி, டி மைனர் சுற்றுவது போர் மேதியோ, நடுவே. பாடகர் சொல்லும் எண் கேப்போவின் ஃபிரெட். நம் கட்டைக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இது வெண்ணெய் வெட்டுவது போல. கேப்போ இல்லாத இ, 3 கட்டை. கேப்போ இல்லாத ஏ, 6 கட்டை. அப்படியானால் “நாலில் மேதியோ” என்பது சி ஷார்ப், அதாவது ஒன்றரைக் கட்டை. “மூன்றில் அர்ரிபா” என்பது ஜி, 5 கட்டை. ஒன்று, ஒன்றரை, இரண்டு கட்டைக் குரல்களுக்கு மேதியோவில் 3, 4, 5. ஐந்து, ஐந்தரை, ஆறு கட்டைக் குரல்களுக்கு அர்ரிபாவில் 3, 4, 5. ஆனால் ஃபிளமெங்கோ மெட்டு ஆதார ஷட்ஜத்துக்கு மேலே நெருங்கி, தொண்டையின் உச்சியை உரசிக்கொண்டு நிற்கும். எனவே கட்டையிலிருந்து தொடங்கி, பாட்டின் உச்ச அடியை ஒருமுறை பாடச் சொல்லி, ஒன்றிரண்டு ஃபிரெட் ஏற்றி இறக்கிக்கொள்ள வேண்டும்.

இதில் சி40 எப்படி? 2 முதல் 5 வரை நன்றாக இருக்கிறது. சொல்லப்போனால் 3-ல் கேப்போ போட்டதும் கிட்டாரே மாறியது போல ஒலி இறுகி, வறண்டு, ஃபிளமெங்கோவுக்கு நெருங்கி வருகிறது. தந்தியும் தாழ்வதால் விரலுக்கும் லேசு. பழகுகிறவர்கள் தினமும் 2-லோ 3-லோ வைத்தே வாசிப்பது நல்லது. 7-ஐத் தாண்டினால் கழுத்தில் இடம் போதாது, சுருதியும் விலகத் தொடங்கும்.

ஸ்வரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இ, எஃப், ஜி, ஏ, பி, சி, டி என்பது 8-வது மேளமான அனுமத்தோடியின் ஸ்வரங்கள். ஆனால் பாட்டு வந்து நிலைக்கும் இ மேஜர் கார்டில் ஜி ஷார்ப் இருக்கிறது, அந்தரகாந்தாரம். அதைச் சேர்த்தால் 14-வது மேளமான வகுளாபரணம். பாடகர் இரண்டு காந்தாரத்துக்கும் நடுவே வழுக்கிக்கொண்டே இருப்பார். தோடி தெரிந்தவர்கள் கமகத்தை அள்ளிக்கொண்டு வந்து இங்கே கொட்ட வேண்டாம். ஸ்வரம் ஒன்று, நடை வேறு.

பாட்டு வகையில் எதிலிருந்து தொடங்குவது? டாங்கோஸ். 4 அடி, பெரும்பாலும் மேதியோவில். முதல் அடியை வெறுமையாக விட்டோ பலகையில் ஒரு தட்டுத் தட்டியோ, 2, 3, 4-ல் கை விழும். தாள் ஒட்டிய சி40-இல் அந்தத் தட்டு நன்றாகவே கேட்கிறது. ஒட்டுப்பலகைக்கு இந்த டொக்கு ஒலி இயல்பாகவே வரும்.

இரண்டாவது, வெல்வா ஊர் ஃபாந்தாங்கோஸ். பக்கவாத்தியம் பழக இதைவிட நல்ல பாடம் இல்லை, ஏனென்றால் வரைபடம் கெட்டியாக இருக்கிறது. இடையிசை இ-யில், பாட்டு தொடங்கியதும் வீடு சி-க்கு மாறும். பாட்டில் ஆறு அடி, அதாவது ஆறு வரி. ஜி7 வாசித்துக் காத்திருந்தால் முதல் அடி சி-யில் வந்து இறங்கும். இரண்டாவது எஃப், மூன்றாவது சி, நான்காவது ஜி, ஐந்தாவது சி, ஆறாவது எஃப். அங்கிருந்து ஒரு படி இறங்கி இ. இதை மனப்பாடம் செய்த எல்லோரும் செய்யும் பிழை ஒன்றே: பாடகர் வந்து சேரும் முன் கார்டை மாற்றிவிடுவது. அடியின் கடைசி அசை விழும் இடத்தில்தான் கார்டு மாற வேண்டும். பாடகர் கிளம்புகிறார், கிட்டார் வழியில் நின்று வரவேற்கிறது. ஓடிப்போய் முன்னால் நிற்பதில்லை. தவறவிட்டால் கார்டைத் தேடி அலையாதீர்கள். இடது கையைத் தந்தி மேல் கிடத்தி ஒலியை மூடி, தாளத்தை மட்டும் அடித்துக்கொண்டிருந்தால் அடுத்த அடியில் ஏறிக்கொள்ளலாம்.

மூன்றாவது சொலேயா. இங்கேதான் கிட்டாரின் பலவீனம் வெளியே வரும். 12 எண்ணிக்கை, அழுத்தம் 3, 6, 8, 10, 12-ல். 3-ல் எஃப்-க்குப் போய் 10-ல் இ-யில் முடிவது அடிப்படைச் சுற்று. பாட்டின் நடுவில் ஜி7 வழியாக சி-க்கு ஒரு தூக்கல், அப்புறம் எஃப், இ. நடை மெதுவானது, ஒவ்வொரு கட்டைவிரல் அடியும் தனியாகக் காதில் விழும். நல்ல ஃபிளமெங்கோ கிட்டாரில் அந்த அடி சுருக்கென்று கிளம்பி உடனே அடங்கும். சி40-இல் கிளம்பும்போது மந்தம். 6-வது தந்தி எஃப்-ல் கொஞ்சம் குமுறும். கையை பிரிட்ஜ் பக்கம் இரண்டு விரற்கடை நகர்த்தி, கட்டைவிரல் அடித்ததும் அடுத்த தந்தியில் போய்ச் சாய்ந்து நிற்கும்படி அடித்தால் பாதிக்குப் பாதி சரியாகும். மிச்சப் பாதி மரத்தின் குணம்; அதற்கு வழியில்லை.

சேகிரியாவுக்கு அவசரப்பட வேண்டாம். அதே 12 எண்ணிக்கையின் அழுத்தங்களை 8-லிருந்து எண்ணினால் 2, 2, 3, 3, 2 என்று வரும் நொண்டி நடை அது. எண்ணுவது எளிது, பாடகர் இழுக்கும் இழுப்பில் எண்ணிக்கையைத் தொலைக்காமல் இருப்பதுதான் பாடு. புலேரியாஸ் இன்னும் தூரம்.

கூட வாசித்துப் பழக, 1954-ல் பாரிஸில் வெளியான காந்தே தொகுப்பு இசைத்தட்டுகள் இன்றும் முதல் தேர்வு. பெரிகோ எல் தெல் லூனாரின் கிட்டார் எவ்வளவு குறைவாக வாசிக்கிறது என்பதைக் கவனியுங்கள். பாடகர் மனோலோ கராகோலுக்கு மெல்சோர் தே மர்சேனா வாசித்தது, ஃபெர்னாந்தா தே உத்ரேராவின் சொலேயாவுக்கு தியேகோ தெல் கஸ்தோர் வாசித்தது, இவை அடுத்து. பழைய பதிவுகளில் சுருதி பல நேரம் இரண்டு ஃபிரெட்டுக்கு நடுவில் நிற்கும். கேப்போவை நகர்த்தி நகர்த்தி மண்டையை உடைத்துக்கொள்ளாமல், போனில் வேகம் குறைக்கும் ஆப்பிலேயே பதிவின் சுருதியைக் கால் ஸ்வரம் ஏற்றிக்கொள்ளுங்கள்.

பதிவு ஒருநாளும் உங்களுக்காகக் காத்திருக்காது என்பது அதன் குறை. உயிருள்ள குரல் வேண்டும். சென்னையில் காந்தே பாடுகிறவரைத் தேடுவதைவிட, வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ கானா பாடுகிறவரிடம் தொகையறா பாடச் சொல்லுங்கள். தாளம் கட்டாமல், மூச்சு உள்ளவரை இழுத்து, நினைத்த இடத்தில் இறங்கும் அந்தக் குரலுக்கு ஏ-யை மட்டும் மெதுவாகப் பிடித்துக்கொண்டு, இறங்கும் இடத்தில் மட்டும் ஒரு அடி கொடுத்துப் பழகுங்கள். அது ஃபிளமெங்கோ ஆகிவிடாது, ஆகவும் வேண்டாம். ஆனால் பாடுகிறவர் வாயைப் பார்த்து வாசிக்கும் பழக்கம் ஒரே வாரத்தில் வரும். பாடகர் மூச்சு வாங்கும் இடம்தான் கிட்டாரின் இடம் என்பதும் புரியும். இரண்டு பாட்டுக்கு நடுவில் நீளமாக ஃபால்சேத்தா, அதாவது தனிக் கிட்டார்த் துணுக்கு, வாசித்துத் திறமை காட்டினால், கானாக்காரர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிடுவார்.

இனி நம் ஊர்க் காற்று. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கடற்கரையை ஒட்டி வீடு இருந்தால் ஒட்டுப்பலகை ஒரு வரம். முழு ஸ்ப்ரூஸ், சைப்ரஸ் மரக் கிட்டார்கள் ஐப்பசி மழையில் ஈரம் குடித்து மேல்பலகை உப்பி, தந்தி உயரும், ஏ.சி. அறையில் வறண்டு விரிசல் விடும். சி40 இரண்டையும் பெரிய அசைவில்லாமல் தாங்கும். தாங்காதது வெயில்: பூட்டிய காரிலோ தகரக் கூரைக்கு அடியிலோ வைத்தால் பசை இளகி பிரிட்ஜ் தூக்கிவிடும். உப்புக் காற்று முதலில் தின்பது வெள்ளிப் பூச்சு போட்ட பேஸ் தந்திகளை. வாசித்தபின் உலர்ந்த துணியால் ஒரு துடைப்பு. 4-வது தந்தி கறுத்து அடைத்தாற்போல் ஒலித்தால் மாற்ற வேண்டியதுதான். நார்மல் டென்ஷன் நைலான் செட் போடுங்கள். புதுத் தந்தி நான்கைந்து நாள் இறங்கிக்கொண்டேயிருக்கும். அது கிட்டாரின் குற்றமல்ல. ஸ்டீல் கம்பியை மட்டும் எக்காரணம் கொண்டும் மாட்டாதீர்கள், பிரிட்ஜைப் பிய்த்துக்கொண்டு வரும்.

அண்ணா சாலைக் கடையில் வாங்கும்போது ஒன்றுக்கு இரண்டாக எடுத்துத் தரச் சொல்லிப் பாருங்கள்; ஒரே மாடலிலேயே கிட்டாருக்குக் கிட்டார் வித்தியாசம் உண்டு. 6-வது தந்தியை முதல் ஃபிரெட்டிலும் 12-லும் சேர்த்து அழுத்தினால் நடுவில் ஒரு காகிதம் நுழையும் இடைவெளி இருக்கலாம். விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தால் கழுத்து வளைந்திருக்கிறது, வேறு கேளுங்கள். பிரிட்ஜின் பின்விளிம்பில் காகிதம் நுழையவே கூடாது. ஒவ்வொரு தந்தியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டையும் ஒருமுறை வாசியுங்கள். கடைக்காரர் பொறுமை இழந்தால் இழக்கட்டும். சேடில் நீங்கள் இறக்கப்போவதால், கடையில் தந்தி உயரமாக இருப்பது நல்லதே. ஏற்கனவே தாழ்ந்து கரகரப்பதை எடுக்காதீர்கள்.

ஆம்ப்ளிஃபையரில் இணைக்கப் பிக்கப் வைத்த சிஎக்ஸ்40 இதே கிட்டார்தான்; வீட்டில் பழகுகிறவருக்கு அந்தக் கூடுதல் பணம் தேவையில்லை, ஆம்பில் கோல்பே இடி மாதிரி விழும். யமஹாவிலேயே சைப்ரஸ் உடலும் ஒட்டிய தாளுமாக வரும் ஃபிளமெங்கோ மாடல் சிஜி182எஸ்எஃப். சொலேயா கைக்கு வந்து, சி40-இன் மந்தம் காதை உறுத்தத் தொடங்கிய பிறகு அதைப் பாருங்கள். அதற்கு முன் கையில் மிச்சப் பணம் இருந்தால் முதலில் நல்ல கேப்போ, அடுத்து இரண்டு செட் தந்தி, அடுத்து பஞ்சு வைத்த பை. ட்யூனர் போனிலேயே இருக்கிறது.